வாழையடி வாழை

மணவீட்டு வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டைக் கட்டுவது நம் நாட்டு வழக்கம். மணமக்களை வாழ்த்தும் பெரியவர்கள், "வாழையடி வாழையாகத் தழைத்து வாழுங்கள்" என்பர். தாய்மரம் குலை ஈன்று சாயுமுன்பே அதன் அடியில் கன்றுகள் எழுந்து நிற்கின்றன. பேணுவார் இருந்தால், தாத்தா நட்ட வாழை பேரன் காலம் வரை தொடரும். இதைவிடப் பொருத்தமான வாழ்த்து வேறு இல்லை என்றே நாமும் எண்ணியிருந்தோம்.

ஆனால் வாழையடி வாழையாக வருவது நலம் மட்டும் அன்று. நோயும் அவ்வாறே வரும். அதை நாம் நூலில் படித்து அறியவில்லை. நம் கொல்லையில் பட்டே அறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மலையில் சிறு தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நமக்கு மலை வாழைக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மலைப்பழத்தின் மணத்தை அறியாத மதுரைக் குடும்பம் உண்டா? மகிழ்ச்சியோடு வாங்கி, கிணற்றடியில் நம் பழைய வாழைக்குப் பக்கத்தில் நட்டோம். கன்று பிழைத்தது, ஆனால் வளரவில்லை. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நின்றன. "மலையில் பிறந்தது, நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, கூடை கூடையாகத் தொழுவுரம் இட்டோம். மாதங்கள் கடந்தன.

இதற்கிடையில், நம் பழைய வாழையின் அடியில் எழுந்த கன்றுகளில் இரண்டைப் பெயர்த்து, பின் தெருவில் வாழும் கைம்பெண் ஒருவருக்குக் கொடுத்தோம். அவர் கொல்லையில் எட்டு வாழைகள் நின்றன. இலையும் காயும் விற்று வரும் சிறு தொகையைக் கொண்டே தம் மகளின் பள்ளிச் செலவை அவர் சமாளித்து வந்தார். நாம் கொடுத்த கன்றுகளையும் அவற்றின் வரிசையிலேயே நட்டார்.

ஓராண்டு கழிந்தது. நம் பழைய வாழையின் இலைகளும் குறுகின. அவர் கொல்லையிலும் அதே கோலம். முதலில் நாம் கொடுத்த இரண்டு, பின்னர் அவற்றின் அருகே நின்றவை, இறுதியில் எல்லாமே. எட்டில் ஒன்றுகூட உருப்படியாகக் குலை தள்ளவில்லை. வேளாண்மை அறிந்த அன்பர் ஒருவர் வந்து, ஓர் இலையின் காம்பைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். புள்ளியும் கோடுமாக, அடர்பச்சைக் கீற்றுகள் விட்டுவிட்டு ஓடின. "இது முடிக்கொத்து நோய். உரம் இட்டுத் தீராது; மருந்து அடித்தும் தீராது" என்றார். அன்போடு கொடுத்த கன்றுக்குள் நோயையும் வைத்துக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது.

வாசகக் குடும்பங்களில் கன்றும் கொடியும் பதியனும் கொடுத்து வாங்காத வீடு இராது. ஆகவே இம்மாதம் இதைப்பற்றியே எழுதுகிறோம்.

கன்று என்பது யார்?

நெல்லும் கத்தரியும் விதையில் பிறக்கின்றன. விதையில் தாயின் இயல்பும் தந்தையின் இயல்பும் கலக்கின்றன. பெரும்பாலான வைரஸ் நோய்கள் விதைக்குள் நுழைவதில்லை. ஆகவே விதையில் பிறக்கும் பயிர் ஒவ்வொரு தலைமுறையிலும் ஓரளவு புதிதாகவே தொடங்குகிறது.

நாம் உண்ணும் வாழைக்கு விதை இல்லை. பழத்தை நறுக்கினால் நடுவே தெரியும் சிறு கரும்புள்ளிகள், விதையாக முதிராமல் நின்றுபோனவை. எனவே கன்று என்பது, உண்மையில், தாய் ஈன்ற பிள்ளை அன்று. தாயின் உடலிலேயே ஒரு பகுதி. தாயின் கிழங்கில் ஒரு முளை நீண்டு, வேர் விட்டு, தனி மரமாகிறது. தாயின் சுவை எதுவோ அதுவே கன்றின் சுவை. தாயின் சாற்றில் நோய் இருந்தால் அதுவும் குறையாமல் வந்து சேரும். "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்னும் பழமொழி மனிதருக்கு எவ்வளவு பொருந்துமோ அறியோம். வாழைக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

வாழை மட்டும் அன்று, மல்லிகைப் பதியன், கரும்புக் கரணை, திராட்சைக் குச்சி எல்லாம் இவ்வகையே. கோடை விடுமுறையில் கொடைக்கானல் சென்று வரும் குடும்பங்கள் சிறு தொட்டியில் வாங்கி வரும் ஸ்ட்ராபெர்ரிச் செடியும் இவ்வகையே. பூ அரும்பக் குளிர்ந்த இரவும் குறுகிய பகலும் வேண்டும் செடி அது. மதுரை வெயிலில் காய்ப்பதில்லை, பெரும்பாலும் பிழைப்பதுமில்லை. ஆயினும் அதைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும். தாய்ச்செடியிலிருந்து மெல்லிய கொடி ஒன்று தரையில் ஓடி, மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் பிடித்துப் புதுச்செடியாகிறது. வாழை மண்ணுக்குள் மறைவாகச் செய்வதை ஸ்ட்ராபெர்ரி நம் கண்முன்னே செய்து காட்டுகிறது.

இந்தப் பழத்தின் வரலாறும் சுவையானது. 1714ஆம் ஆண்டில், ஃபிரேசியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் செடிகளைக் கப்பலில் கொணர்ந்தார். நெடிய கடற்பயணத்தில் பிழைத்தவை ஐந்தே ஐந்து. அவை பெண்பூ மட்டும் பூக்கும் செடிகள். ஆதலால் தனித்து நின்றபோது காய்க்கவில்லை. பின்னர் வட அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து வந்த வேறொரு வகையின் அருகே நின்றபோது இரண்டும் கலந்தன. சிலிச் செடியின் பருமனும் வர்ஜீனியாச் செடியின் மணமும் கூடிய புதிய இனம் பிறந்தது. 1766இல் துஷேன் என்னும் இளைஞர் இந்தக் கலப்பை ஆராய்ந்து உலகுக்கு விளக்கினார். இன்று உலகெங்கும் விற்கும் தோட்ட ஸ்ட்ராபெர்ரி இந்தக் கலப்பின் வழிவந்ததே.

இன்றும் புதிய இனம் வேண்டுவோர் விதையில் தேடுகின்றனர். இரண்டு வகைகளைக் கலந்து, பிறக்கும் எண்ணற்ற நாற்றுகளை வளர்த்து, சுவை, பருமன், நோய் தாங்கும் வலிமை எல்லாம் பார்த்து, ஒன்றிரண்டைத் தெரிந்தெடுக்கின்றனர். தெரிந்தெடுத்தபின் விதையைத் தொடுவதில்லை, கொடியிலேயே பெருக்குகின்றனர். புதியதைக் காண விதை. கண்டதைக் காக்கக் கொடி. கொடியில் மட்டுமே பெருக்கிக்கொண்டு போனால் வைரஸ் நோய்கள் ஏறி விளைச்சல் தேயும். அதனால்தான் மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் பகுதி உழவர்கள் பழைய செடியையே நம்பியிராமல், வெளிநாட்டிலிருந்து புதிய தாய்ச்செடிகளைத் தருவித்து, நாற்றங்காலில் கொடி ஓடவிட்டு, அக்கன்றுகளையே வயலில் நடுகின்றனர்.

அவர்கள் ஸ்ட்ராபெர்ரியில் காட்டும் இந்த எச்சரிக்கையை நம் மலை உழவர்கள் வாழையில் காட்ட வழியின்றிப் போன காலம் ஒன்று இருந்தது. அதன் விளைவு பெரிது.

மலை வாழை இழந்தது

மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே நிற்கும் சிறுமலையிலும், கீழ்ப் பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களிலும் விளைவது மலை வாழை. விருப்பாட்சி என்றும் சிறுமலை என்றும் பெயர் பெற்றது. பழம் சிறியது, சற்று வளைந்தது, தோல் தடித்தது. தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே எளிதில் அழுகாது. நீர்ச்சத்துக் குறைவு, ஆகவே மணமும் இனிப்பும் செறிவு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இதுவே தேடப்பட்ட பழம். விருப்பாட்சி வாழையும் சிறுமலை வாழையும் 2008ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன.

சமவெளியில் வாழையை ஓரிரு பருவம் வைத்துப் பின் அழித்து, வேறு பயிர் செய்வர். மலையில் அப்படி அன்று. காப்பிக்கு நிழலாகவும், மிளகு, ஆரஞ்சு ஆகியவற்றோடு துணைப்பயிராகவும், மழையை மட்டும் நம்பி நட்டது நட்டபடியே பல ஆண்டுகள் நிற்கும். வாழையடி வாழை என்பது அங்கே வெறும் வாழ்த்து அன்று. வேளாண்மை முறையே அது. நோய்க்கும் அதுவே வசதியாயிற்று. புகுந்த வைரஸ் வெளியேற வேண்டிய அவசியமே இல்லாமல் கிழங்கிலிருந்து கன்றுக்கும், கன்றிலிருந்து அதன் கன்றுக்கும் சென்றது.

1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் விளைந்த மலை வாழை, முடிக்கொத்து நோயால் பின்னாளில் சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. எண்ணில் சொல்லும்போது இது சிறிதாகத் தோன்றும். காப்பி விலை வீழ்ந்த ஆண்டிலும் கைக்குக் காசு கொடுத்தது வாழைதான் என்று மலைவாழ் குடும்பங்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது போனதும் காப்பிக்கு நிழல் போயிற்று; வீட்டுக்கு வருவாய் போயிற்று. அழிந்த இடத்தில் மீண்டும் நட எண்ணியவர்கள் எங்கே கன்று தேடினர்? பக்கத்துத் தோட்டத்தில். பார்வைக்கு நன்றாக நின்ற அந்த மரத்துக்குள்ளும் நோய் புகுந்திருந்தது.

இரண்டே வழிகள்

இந்நோய் இன்று நேற்று தோன்றியது அன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே பிஜித் தீவுகளில் காணப்பட்டது. 1913இல் இலங்கையிலும், ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரேலியாவிலும் தலைகாட்டியது. 1940 அளவில் இலங்கையிலிருந்து கேரளத்துக்குள் நுழைந்தது. கடலை நோய் தானாகத் தாண்டுவதில்லை. கன்றைக் கொண்டு செல்லும் மனிதர்களே அதைத் தாண்டுவித்தனர்.

ஆஸ்திரேலியாவில் 1920களின் நடுவில் வாழைத்தோட்டங்கள் அநேகமாக அழிந்துவிட்டன. அப்போது மேகி என்னும் இளம் ஆய்வாளர் இந்நோயை ஆராய்ந்து, இது இரண்டே வழிகளில் பரவுகிறது என்று நிறுவினார். ஒன்று, நோயுற்ற மரத்தின் கன்று. மற்றொன்று, வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி. மண்ணால் இது பரவாது, அரிவாளாலும் பரவாது. வழி இரண்டே என்று தெரிந்தபின் காவலும் எளிதாயிற்று. நோயுற்ற மரத்தைக் கண்டவுடன் அழிக்க வேண்டும். சோதித்துச் சான்று பெறாத கன்றை நடக்கூடாது. இதைச் சட்டமாகவே ஆக்கினர். ஒருவர் தம் தோட்டத்தில் நோயுற்ற மரத்தை விட்டுவைத்தால் அண்டை அயலார் அனைவருக்கும் கேடு. ஆகவே அது தனிமனிதர் விருப்பம் அன்று என்று கருதினர். வைரஸைக் கொல்லும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மருந்தின்றியே அவர்கள் தோட்டங்களை மீட்டனர்.

மீட்கும் முயற்சி

நம் நாட்டில் மலை வாழையை மீட்கத் துணைநின்றது திசு வளர்ப்பு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், நோயற்ற தாய்மரங்களைத் தேடித் தெரிந்தெடுத்து, சோதனைக் கூடத்தில் வைரஸ் இல்லை என்று உறுதி செய்து, அவற்றிலிருந்து கன்றுகளைப் பெருக்கி மலை உழவர்களுக்கு வழங்கியது.

திசு வளர்ப்பு என்றவுடன் மாயவித்தை என்று எண்ண வேண்டா. நல்ல மரத்தின் கன்று ஒன்றை எடுத்து, வெங்காயம் உரிப்பதுபோல் மட்டைகளை உரித்துக்கொண்டே போனால், நடுவே விரல்நுனி அளவான வளர்முனை எஞ்சும். அதைத் தூய்மை செய்து, சத்துகள் கலந்த பாகின்மேல் கண்ணாடிக் குப்பியில் வைப்பர். அது பல முளைகளாகப் பிரியும். பிரிந்தவற்றை மேலும் பிரிப்பர். தோட்டத்தில் ஒரு வாழை ஆண்டுக்குச் சில கன்றுகளே தரும். குப்பியிலோ ஒரு வளர்முனை ஆயிரக்கணக்கான கன்றுகளாகும். பின்னர் வேர் பிடிக்கச் செய்து, நிழற்கூடத்தில் படிப்படியாக வெயிலுக்குப் பழக்கி, ஐந்தாறு இலைகள் வந்தபின் விற்பனைக்கு அனுப்புவர். தேனி மாவட்டத்தில் பெருந்தோட்டங்களாக நிற்கும் ஜி9 என்னும் பச்சை வாழை பெரும்பாலும் இம்முறையில் வந்ததே. ஒரே நாளில் நட்டவை ஏறத்தாழ ஒரே பருவத்தில் குலை தள்ளுவது இதன் தனிச்சிறப்பு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கவேண்டும். "திசு வளர்ப்புக் கன்றுக்கு நோயே வராது" என்று சொல்லி விற்பவர் உண்டு. இது சரியன்று. தாய்மரத்தில் வைரஸ் இருந்தால் குப்பிக்குள்ளும் அது வந்துவிடும். ஒரு நோயுற்ற தாயிலிருந்து ஆயிரம் நோயுற்ற கன்றுகள் பிறக்கும். கன்றைக் காப்பது குப்பி அன்று, தாய்க்குச் செய்த சோதனை. இக்காரணத்தாலேயே மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றளிக்கும் முறையை ஏற்படுத்தியது. மேலும், தூய கன்றாயினும் நம் தோட்டத்தில் நட்டபின் பக்கத்து நோய்மரத்திலிருந்து அசுவினி வந்து அமர்ந்தால் அதற்கும் நோய் வரும்.

அப்படியானால் நோயே தாக்காத புதிய வாழையைப் படைக்கலாகாதா என்று கேட்கலாம். முயல்கின்றனர். ஆனால் விதையே இல்லாத பயிரில் கலப்பினம் காண்பது எளிதன்று. நம் நாட்டில் இம்முயற்சி 1949இல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கியது. ஏராளமான பூக்களுக்கு மகரந்தம் சேர்த்தால் சில விதைகள் கிடைக்கலாம். அவற்றில் சிலவே முளைக்கும். முளைத்தவற்றில் உண்ணத் தகுந்த பழம் தருவது அரிதினும் அரிது. அப்படி அரிதாய்க் கிடைத்தவற்றுள் ஒன்று கோ.1 வாழை. லாடன், கதளி, காட்டுவாழை ஆகியவற்றின் கலப்பில் பிறந்த இது, விருப்பாட்சியின் சுவையைச் சமவெளிக்குக் கொணர்ந்தது. 1993இல் திருச்சியில் தொடங்கப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இத்துறையில் உழைத்து வருகிறது. எனினும் முடிக்கொத்து நோயை முற்றிலும் வெல்லும் வாழை நம் கைக்கு வரும் வரை, தாயறிந்து கன்று கொள்வது ஒன்றே வழி.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை

1. கன்று வாங்குமுன் அது நின்ற இடத்துக்கே செல்லுங்கள். கன்றை மட்டும் பாராமல், தாயையும் பக்கத்து மரங்களையும் பாருங்கள். எங்கேனும் ஓர் இலைக்கொத்து நிமிர்ந்து குறுகி நின்றால், அத்தோட்டத்தில் எந்தக் கன்றையும் எடுக்க வேண்டா. நோய் புகுந்து சில வாரங்கள் வரை வெளியே தெரியாது.

2. இலைக்காம்பின் அடிப்பக்கத்தையும், நடு நரம்பின் ஓரத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். அடர்பச்சைக் கீற்றுகள் புள்ளியும் கோடுமாக இருந்தால் ஐயமே வேண்டா.

3. நல்ல தாயிடம் ஈட்டி போன்ற குறுகிய இலையுடைய கன்றைத் தேர்ந்தெடுங்கள். நோயுற்ற கன்றின் குறுகிய இலைகள் உச்சியில் நெருங்கிக் கொத்தாக நிற்கும். ஈட்டிக் கன்றோ அடி பருத்து, கூம்பி, விரைந்து உயரும். இளமையிலேயே அகன்ற இலை விரித்த நீர்க்கன்று வலுவற்றது. வேர்களையும் கிழங்கின் மேல்தோலையும் சீவி, உள்ளே கறுப்போ துளையோ இல்லை என்று பார்த்து நடுங்கள்.

4. திசு வளர்ப்புக் கன்று வாங்கினால், சான்று உண்டா என்று கேளுங்கள். இலையில் வெள்ளைத் திட்டு உள்ளவற்றையும், மற்றவற்றோடு வளராமல் குள்ளமாக நிற்பவற்றையும் விலக்குங்கள்.

5. வாழையடியில் எறும்பு சாரிசாரியாக ஏறினால் மட்டையை விலக்கிப் பாருங்கள். பழுப்புநிற அசுவினிகள் அங்கே கூடியிருக்கும்.

6. நோய் கண்டால், முதலில் அசுவினியைக் கொல்ல மருந்து தெளித்து, அதன்பிறகே மரத்தைத் தோண்டுங்கள். வரிசை மாறினால் பூச்சிகள் கலைந்து அடுத்த மரத்துக்குச் செல்லும். கிழங்கோடு முழுக்குத்தையும் எடுத்துத் துண்டு துண்டாக்கி அழியுங்கள். ஒரு துண்டுக் கிழங்கு மண்ணில் தங்கினாலும் மீண்டும் முளைக்கும், நோயோடு முளைக்கும்.

7. ஐயமிருந்தால் ஒத்தக்கடையில் உள்ள மதுரை வேளாண்மைக் கல்லூரியிலோ பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ காட்டிக் கேளுங்கள். நோயுற்ற மரத்தை ஊர் ஊராகத் தூக்கிச் செல்லாமல், இலையின் படத்தைக் கொண்டு செல்வது நலம்.

நோயுற்ற வாழையில் தப்பித் தவறிக் கிடைக்கும் பழத்தை உண்பதால் மனிதருக்குக் கேடு இல்லை. இதையும் சிலர் கேட்டதால் எழுதுகிறோம்.

நம் கொல்லையில் இருந்த வாழை அனைத்தையும் கிழங்கோடு எடுத்து அழித்தோம். பின் தெரு அம்மையார் கொல்லையிலும் நாமே ஆள் அமர்த்தித் தோண்டினோம். அவர் ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. அதுவே நமக்குச் சுமையாயிருந்தது. எட்டு மாதம் அவ்விடத்தில் வாழை நடாமல், அவர் கீரையும் அவரையும் போட்டார். தப்பி முளைத்த சிறு முளைகளை வாரந்தோறும் பார்த்துப் பிடுங்கினோம். அதன்பின் சான்று பெற்ற கன்றுகள் பத்தை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம்.

அவர் கன்றுகளைக் கையில் வாங்கவில்லை. முதலில் ஒவ்வொன்றின் இலைக்காம்பையும் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "இவற்றின் தாயைப் பார்த்தவர் உண்டா?" என்று கேட்டார். சான்றுச் சீட்டை எடுத்துக் காட்டினோம். அவர் மகள் அதை வாங்கி எழுத்துக்கூட்டாமல் முழுதும் படித்துச் சொன்னாள். அதன்பிறகே குழியில் இறங்கினார்.

இப்போது அவர் கொல்லையில் பத்து வாழைகள் நிற்கின்றன. கன்று கேட்டு வருவோருக்கு அவர் கொடுக்காமல் அனுப்புவதில்லை. ஆனால் கொடுக்குமுன், கேட்டு வந்தவரையும் அழைத்துச் சென்று, பத்து மரங்களின் காம்பையும் காட்டிவிட்டே மண்வெட்டியை எடுக்கிறார்.